ஓடலாம், மறைக்க வேண்டாம்

மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் பதிவு செய்வோர் நிரப்பும் படிவத்தில், பனியன் அளவுக்கும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணுக்கும் அருகே ஒரு கேள்வி இருக்கும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு முதலியவற்றுள் ஏதேனும் தங்களுக்கு உண்டா என்பது அது. நோயுள்ளவர்களில் பலர் அக்கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றனர். விடியற்காலை ஓட்டக் குழுக்களுடன் பழகிய எவரும் இதனை மறுக்கமாட்டார். பணம் கட்டியாயிற்று, ஆறு மாதம் பயிற்சியும் செய்தாயிற்று, இனி உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட வேண்டுமா என்பது அவர்களின் எண்ணம். அந்த ஒற்றைச் சொல்லால் விளையும் கேட்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். நீடித்த நோயுடன் வாழ்பவர் நெடுந்தொலைவு ஓடுவதில் தவறில்லை. அந்நோயை உடன் ஓடுபவருக்கும் தெரியாமல் மறைத்து ஓடுவதே ஆபத்து என்பது நம் கருத்து.

இது சிலருடைய சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அவற்றின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு. அதன் வாயிலில் நிற்போர் மேலும் 13.6 கோடிப் பேர். வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு. இதே நாட்டில்தான், 2004இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பிறகு, நெடுந்தொலைவு ஓட்டம் அலுவலகம் செல்லும் நடுத்தர வகுப்பினரின் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமாக வளர்ந்தது. ஜனவரி மூன்றாம் ஞாயிறு விடியுமுன் சத்ரபதி சிவாஜி மகராஜ் இரயில் நிலையத்தின் முன் திரளும் கூட்டமும் மேற்சொன்ன கணக்கில் அடங்கும் கூட்டமும் வேறு வேறு அல்ல. கால்சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் அங்கே எப்போதும் இருக்கின்றனர்.

நோயாளி ஓடலாமா என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. அதற்கு விடையும் பழையதே. நீரிழிவு கண்ட வறியவன் நூறு யோசனை தூரம் நடக்கட்டும், கிணறு வெட்டட்டும் என்ற பொருள்பட சுசுருத சம்ஹிதை கூறுகிறது. செல்வனுக்கு மருந்தும் ஏழைக்கு நடையும் என்று பிரித்த அந்த முறையைப் படித்து இன்றைய வாசகர் சிரிக்கலாம். ஆனால் மருத்துவம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த இடத்தை அது முன்கூட்டியே தொட்டிருக்கிறது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முறையாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு, இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகை நீரிழிவு என்பது மரணத்தின் மறுபெயர். இன்சுலின் வந்த மறு ஆண்டு, சாவை எதிர்நோக்கி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தங்கியிருந்த ஆர். டி. லாரன்ஸ் என்ற இளம் மருத்துவர் லண்டனுக்குத் திரும்பி அம்மருந்தால் உயிர் பிழைத்தார். அவரே 1926இல், உடலுழைப்பு இன்சுலினின் வேகத்தைக் கூட்டுகிறது என்று எடுத்துக்காட்டி எழுதினார். நோயாளியே மருத்துவராகவும் இருந்ததால் வந்த தெளிவு அது. நீரிழிவு உள்ளவர் ஓடும்போது எழும் நன்மையும் ஆபத்தும் இந்த ஒரு கண்டுபிடிப்பிலேயே அடங்கியிருக்கின்றன.

பிறகு விளையாட்டுக் களம் தன் சாட்சியங்களைத் தந்தது. வாசிம் அக்ரம் 1997இல் தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் வேகப்பந்து வீசினார். பிரிட்டனின் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் அதே ஆண்டு அதே செய்தியைக் கேட்டு, இன்சுலின் போட்டுக்கொண்டே 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் தமது ஐந்தாவது தங்கத்தைப் பெற்றார். அதே சிட்னியில் நீச்சலில் தங்கம் பெற்ற அமெரிக்கர் கேரி ஹால் ஜூனியருக்கும் முதல் வகை நீரிழிவு. 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலகை வியக்க வைத்த பாலா ராட்கிளிப், இன்ஹேலர் பயன்படுத்தும் ஆஸ்துமா நோயாளி. இவர்களின் பதக்கங்களைவிட நமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. இவர்களின் நோய் பயிற்சியாளருக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், நாளடைவில் ஊருக்கே தெரியும். மாற்றிக்கொண்ட உணவு முறை, அளந்து போட்ட மருந்து, அருகில் நின்ற துணை எல்லாம் அந்த வெளிப்படையான பேச்சின் மேல் கட்டப்பட்டவை.

நம்மிடையே ஓடுபவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஓடும்போது அவர் உடலில் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான் மறைப்பதன் விலை விளங்கும். நோயற்றவர் ஓடத் தொடங்கியதும் அவருடைய கணையம் இன்சுலின் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. இரத்தத்தில் அளவு பெரிதும் மாறுவதில்லை. ஊசியால் இன்சுலின் எடுப்பவருக்கோ, உள்ளே போன மருந்தைத் திரும்பப் பெற வழியில்லை. தசைகள் ஒருபுறம் சர்க்கரையை வாரி இழுக்கின்றன. முன்பே போட்ட இன்சுலின் மறுபுறம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. தொடையில் ஊசி போட்டுக்கொண்டு ஓடினால், இரத்த ஓட்டம் பெருகி மருந்து இன்னும் விரைவாக ஏறும். அதனால்தான் ஓட்ட நாளில் வயிற்றில் போடச் சொல்கின்றனர். போதாக்குறைக்குத் தொடக்கக் கோட்டில் நிற்கும் பதற்றத்தால் சர்க்கரை ஏறிக் காட்டும். அதைக் கண்டு கூடுதலாக ஓர் ஊசி போட்டுக்கொண்டால், பத்தாவது கிலோமீட்டருக்குள் அதன் பலன் தெரிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. நெடுந்தொலைவு ஓட்டத்தைத் தொடங்கும்போது சர்க்கரை ஏறத்தாழ 126 முதல் 180 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்று பல நாட்டு வல்லுநர்கள் 2017இல் கூடி வழிகாட்டினர். 90க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதேனும் உண்ண வேண்டும். 250ஐத் தாண்டி, கீட்டோனும் இருந்தால் அன்று ஓடக்கூடாது. முந்தைய 24 மணி நேரத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து பிறர் உதவியால் மீண்டவர் அன்று ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரை மட்டும் உட்கொள்பவருக்கு இத்தனை கவலை வேண்டியதில்லை. கிளிமெபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவருக்குக் கவலை உண்டு. தாம் உட்கொள்வது எது என்பதையாவது ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டாமா?

இனி மும்பையின் பெட்டர் சாலை மேட்டுக்கு வருவோம். கடற்பாலத்தைக் கடந்து, வொர்லியும் ஹாஜி அலியும் பின்னே போக, 35 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்த கால்களின் முன் அந்த ஏற்றம் வந்து நிற்கும். அங்கு ஓடுகிறவர் எல்லோருக்கும் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கேட்ட கேள்விக்கு விடை தாமதமாக வரும். சர்க்கரை தாழ்ந்துபோனவருக்கும் இவையே அறிகுறிகள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் என மருத்துவ நூல் தரும் பட்டியலை அப்படியே எடுத்து மாரத்தானின் கடைசிப் பகுதியை வருணிக்கலாம். உடன் ஓடும் நண்பருக்கு உண்மை தெரியாவிட்டால் அவர் என்ன செய்வார்? ‘இன்னும் கொஞ்சம்தான், விடாதே’ என்று தட்டிக்கொடுப்பார். அன்பினால் சொல்லும் அந்தச் சொல்லே ஆளை வீழ்த்திவிடும். உண்மை தெரிந்தவரோ உடனே நிறுத்தி, வாயில் குளுக்கோஸைப் போடுவார். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் திணிக்கலாகாது, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும் என்பதையும் அவருக்கு முன்பே சொல்லி வைத்திருக்கலாம். வழிநெடுகிலும் மும்பைவாசிகள் நீட்டும் ஆரஞ்சுச் சுளையும் பிஸ்கட்டும் கடலைமிட்டாயும் அன்று எத்தனையோ பேரைத் தாங்குகின்றன. ஆனால் மனம் குழம்பியவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொள்வார் என்று நம்பியிருக்க முடியாது. சர்க்கரை தாழும்போது, தாழ்ந்திருக்கிறது என்று உணரும் அறிவும் சேர்ந்தே மங்குகிறது. ஆகவே தனக்குத் தானே காவல் என்பது இந்நோயில் செல்லாது.

பிறகு ஏன் மறைக்கின்றனர்? காரணம் இல்லாமல் இல்லை. அவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. திருமணமாக வேண்டிய பெண்ணுக்கு முதல் வகை நீரிழிவு என்றால், அந்தச் செய்தி வீட்டு வாசலைத் தாண்டாதவாறு பெற்றோர் பொத்திப் பொத்திக் காக்கின்றனர். விருந்தில் பரிமாறுமுன் கழிவறைக்குள் சென்று ஊசி போட்டுக்கொண்டு வரும் பெண்ணை, ஓட்டக் குழுவில் மட்டும் உண்மை பேசு என்றால் எப்படிப் பேசுவாள்? அலுவலகத்தில் வலிப்பு நோயைப் பற்றிச் சொன்னால் பதவி உயர்வு தட்டிப்போகும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வெறும் கற்பனை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

மருத்துவர்களும் இதில் பங்கு ஏற்க வேண்டும். நெரிசல் மிகுந்த மருத்துவமனையில் ஐந்து நிமிடச் சந்திப்பில், ‘நான் மாரத்தான் ஓடலாமா?’ என்று கேட்பவருக்கு ‘வேண்டாம், நடந்தால் போதும்’ என்பது எளிய விடை. கேட்டவர் தலையசைத்துவிட்டு வெளியே வந்து, மறுநாள் காலை ஓடத்தான் செய்கிறார். இதன் பின்விளைவைக் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவர் எழுதித் தரும் இன்சுலின் அளவு, ஓடாத ஒருவருக்கான அளவு. அதையே ஓடுகிறவர் போட்டுக்கொள்கிறார். தடை விதித்த மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஓட்டத்தைப் பற்றித் தாம் அறியும் வாய்ப்பை மட்டுமே இழந்தார். ‘எவ்வளவு தூரம், எந்த நேரம், என்ன உண்டபின் ஓடுகிறீர்கள்?’ என்று மூன்று கேள்விகள் கேட்பவரிடம் நோயாளி எதையும் ஒளிக்கமாட்டார்.

போட்டி நடத்துவோர் செய்ய வேண்டியதும் சிறிதுதான். நோயைப் பற்றிய கேள்வியின் அருகே, இவ்விடையால் எவரும் விலக்கப்படமாட்டார், மருத்துவக் குழுவின் உதவிக்காகவே கேட்கிறோம் என்று ஒரு வரி அச்சிடலாம். எந்த நோயுள்ளவருக்கு மருத்துவர் சான்று வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். விலக்குவதற்காகக் கேட்கிறார்களா, காப்பதற்காகக் கேட்கிறார்களா என்று தெரியாத நிலையில் மனிதர் பொய் சொல்வது இயல்பே.

மறைப்பதற்கு நேர்மாறாகத் தோன்றினாலும் அதற்கு உறவான இன்னொரு பழக்கம் இப்போது பரவி வருகிறது. பதக்கத்துடன் நிற்கும் படத்தின் கீழே, நோயை ஓடியே வென்றேன், மருந்தைத் தூக்கி எறிந்தேன் என்று எழுதுகின்றனர். இதுவும் பாதி உண்மையை மறைப்பதுதான். இரண்டாம் வகை நீரிழிவிலும் இரத்தக் கொதிப்பிலும், ஓட்டத்தாலும் எடை குறைவதாலும் மருத்துவர் மருந்தைக் குறைக்கும் நிலை வருவதுண்டு. முதல் வகையில் அப்படியன்று. எத்தனை மாரத்தான் ஓடினாலும் அவருக்கு இன்சுலின் வேண்டும். நிறுத்தினால் சில நாள்களில் இரத்தம் அமிலமாகி உயிருக்கே முடிவு நேரும். இரு வகைக்கும் நாம் ஒரே பெயரைச் சொல்லிப் பழகிவிட்டதால், மேற்சொன்ன பெருமிதத்தைப் படிக்கும் பதினேழு வயதுப் பையன் தன் ஊசியை விட்டுப் பார்க்க எண்ணக்கூடும். ஓட்டம் இவர்களுக்கு மருத்துவம் அன்று, வாழ்க்கையின் ஒரு பகுதி. ஆரோக்கியமானவர் மகிழ்ச்சிக்காக ஓடுவதைப் போலவே இவர்களும் மகிழ்ச்சிக்காக ஓடலாம். அதற்கு வெற்றிப் பரணி எதுவும் தேவையில்லை.

நீரிழிவையே மிகுதியாகப் பேசிவிட்டோம். பிற நோய்களுக்கும் இது பொருந்தும். இரத்தக் கொதிப்புக்கும் இதயத் துடிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அவற்றை உட்கொள்பவர் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டலாகாது. மூட்டுவாத நோயாளிகள் ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரையை விழுங்குவது பெரும் தவறு. உடலில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஓட்டத்தைவிடக் காற்றே பகை. 2017 நவம்பரில் டெல்லி நச்சுப் புகையில் மூழ்கியிருந்தபோது, அரை மாரத்தானைத் தள்ளிவைக்க வேண்டுமென இந்திய மருத்துவச் சங்கம் வலியுறுத்தியது; ஆயினும் 19ஆம் தேதி ஓட்டம் நடந்தேறியது. அன்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஆஸ்துமா நோயாளியை நாம் கோழை என்று சொல்லமாட்டோம். பரிசுக்காக ஓடுவோருக்கு மட்டும் ஒரு குறிப்பு: இன்சுலின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. மருத்துவக் காரணம் காட்டி முன் அனுமதி பெற்றால் சிக்கல் இல்லை. சொல்லாமல் போட்டுக்கொண்டவர் நோயாளியாக இருந்தும் குற்றவாளியாக நிற்க நேரும்.

வாடிக்கையாளர்களுக்கு நன்கு பழக்கமான இன்னொரு படிவமும் உண்டு. காப்பீட்டுக்கான முன்மொழிவுப் படிவத்திலும் இதே கேள்வி வருகிறது; அதே ‘இல்லை’ அங்கேயும் எழுதப்படுகிறது. முகவரே அவ்வாறு எழுதச் சொல்வதும் உண்டு. இவ்வளவு ஓடுகிறேனே, என்னை நோயாளி என்று எப்படிச் சொல்வது என்று ஓட்டக்காரர்கள் தமக்குத் தாமே நியாயம் கற்பித்துக்கொள்கின்றனர். காப்பீட்டுச் சட்டத்தின் கண்ணில் அது நியாயமாகாது. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மருத்துவக் காப்பீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகலாகாது; முன்பு அது நான்கு ஆண்டு. அதாவது, உள்ளதைச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டி மூன்று ஆண்டு பொறுத்தவருக்கு அந்த நோய்க்கும் பாதுகாப்பு வந்துவிடுகிறது. சொல்லாமல் விட்டவரின் கோரிக்கையை, தொடர்ச்சியான ஐந்து ஆண்டுகள் நிறையும்வரை நிறுவனம் மறுத்து வாதாட முடியும். மோசடி என்று மெய்ப்பித்தால் அதன் பிறகும் முடியும். ஆயுள் காப்பீட்டில் அந்த வரம்பு மூன்று ஆண்டு. அதற்குள் குடும்பத் தலைவர் இறந்து, சிகிச்சைக் குறிப்பேட்டில் பழைய நீரிழிவு தெரியவந்தால், வழக்காடும் பொறுப்பு மனைவி மக்கள் தலையில் விழும். பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடித்ததற்கு அது மிகப் பெரிய விலை.

சொல்வதென்றால் ஊர் முழுவதும் பறையறைய வேண்டும் என்பதில்லை. மருத்துவருக்கு, ஓட்டக் குழுவில் ஒருவருக்கு, வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்பக்கத்தில் நோயையும் மருந்தையும் இரத்த வகையையும் மழையிலும் வியர்வையிலும் அழியாத மையால் எழுதிவிடலாம். அதைப் படிக்கப்போகிறவர் மருத்துவப் பணியாளர் மட்டுமே. ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சர் இரண்டு வாரம் உழைக்கும். அதன் விலை எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாவதில்லை. வாங்க இயலாதவருக்கு விரல்நுனிப் பரிசோதனையும் உண்மை அறிந்த ஒரு நண்பரும் இருந்தால் பெரும்பாலும் போதும். அந்த நண்பருக்குக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும்.

வீட்டாரின் பங்கு ஓட்டம் முடிந்த பின்பே தொடங்குகிறது. செலவான சர்க்கரையைத் தசைகள் அடுத்த 24 மணி நேரம்வரை இரத்தத்திலிருந்து எடுத்துச் சேமித்துக்கொண்டே இருக்கும். காலையில் பதக்கம் வாங்கி, மதியம் வயிறார உண்டு, மாலையில் நண்பர்களோடு சிரித்துப் பேசியவருக்கு நள்ளிரவுக்குப் பின் தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான். இரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். படுக்குமுன் ஏதேனும் உண்டிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது களைத்தவர் எழாமல் போகலாம். பக்கத்து அறையில் உறங்கும் தாயோ மனைவியோ விடுதி நண்பரோ எழுந்து வந்து, அவர் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமானால், அவர் அன்று காலை 42 கிலோமீட்டர் ஓடினார் என்பதும், இன்சுலின் எடுப்பவர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.